முதுகுப் பக்கம்

“நீங்க எனக்கு ஒண்ணுமே சொல்லித் தரலியே டாக்டரம்மா.”

கேட்டவர் ஆவுடையப்பன். வயது ஐம்பத்து நாலு. டாக்டரம்மா மைமூனுக்கு முப்பத்திரண்டு.

சிரிக்காதீர்கள். குரு என்றால் நரைத்த தாடி வேண்டும் என்று எவன் சொன்னான்?

ஆவுடையப்பன் லேசுப்பட்ட ஆளில்லை. கடைத்தெருவில் கிளினிக் வைத்து ஊருக்கே காய்ச்சல் பார்த்தவர். ரோட்டை அகலப்படுத்துகிறோம் என்று வந்த புல்டோசர் அந்தக் கிளினிக்கை வாரிக்கொண்டு போனது. வீட்டில் சும்மா உட்கார்ந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று, மலையடிவாரத்து ஆஸ்பத்திரி ஒன்றின் அவசர சிகிச்சைப் பிரிவில் சேர்ந்தார். அந்தப் பிரிவுக்குத் தலைமை டாக்டர் மைமூன்.

காய்ச்சலா, காமாலையா, முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார் மனுஷன். ஈ.சி.ஜி. தாள் வந்தால்தான் கை நடுங்கும்.

“என்ன சொல்லித் தரணும் அண்ணாச்சி?”

“தாள் படிக்க.”

“அதான் தினமும் படிக்கீங்களே.”

“எங்க படிக்கேன்? நீங்க தாளை ஒரு பார்வை பாக்கீங்க, ஆளை ஒரு பார்வை பாக்கீங்க, முடிஞ்சு போச்சு. நடுவுல என்ன நடக்கு? அதைச் சொல்லுங்க.”

மைமூன் கை கழுவிக்கொண்டிருந்தார். துடைத்தார்.

“உங்க டீ ஆறிப் போச்சு,” என்றார்.

அவ்வளவுதான். இந்த அம்மாவிடம் இதுதான் பாடு. பாறாங்கல்லைப் பிழிந்தாலும் ரெண்டு சொட்டு வரும்.

வேறு வழியில்லாமல் ஆவுடையப்பன் தனக்கென்று ஒரு வாய்ப்பாடு வைத்திருந்தார். ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் கோடு மேலே தூக்கிக்கொண்டு நின்றால், இதயத்துக்குப் போகிற ரத்தக்குழாய் முழுசாக அடைத்துவிட்டது. கட்டியைக் கரைக்கிற ஊசியை உடனே போட வேண்டும். கோடு கீழே இறங்கிக் கிடந்தால், ரத்த ஓட்டம் குறைவு, அவ்வளவுதான். மாத்திரை கொடுத்துப் படுக்கவைத்துப் பார்க்கலாம்.

ஏறினால் ஊசி. இறங்கினால் மாத்திரை.

குளிக்கும்போதுகூடச் சொல்லிப் பார்த்துக்கொள்வார்.

*

அன்றைக்குச் சாரல். மலையிலிருந்து மேகம் இறங்கி ஆஸ்பத்திரி வாசல்வரை வந்து நின்றது. உச்சிப்பொழுது, ஆனாலும் டியூப்லைட் போட வேண்டியிருந்தது. பெஞ்சில் காத்திருந்த ஜனம் ஏனோ பேச்சைக் குறைத்துக்கொண்டது.

சக்கர நாற்காலியில் ஒருவரைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். டவுன் பஸ் டிரைவர், பெயர் வெள்ளைப்பாண்டி. அகலமான ஆள். அந்தக் குளிரிலும் காக்கிச் சட்டை வியர்வையில் ஒட்டிக் கிடந்தது. கூடவே மனைவி பேச்சியம்மாள்.

“என்னய்யா செய்யுது?” என்று கேட்டார் ஆவுடையப்பன்.

“நெஞ்சு கனமா இருக்கு டாக்டர்.”

“எப்ப இருந்து?”

“காலைல வண்டி எடுத்ததுல இருந்து.”

சொல்லிவிட்டு வெள்ளைப்பாண்டி திரும்பிப் பார்த்தார். பின்னால் சுவர்.

“அங்க என்ன பாக்குதீரு?”

“ஆளு நிக்காவ.”

“எங்க?”

“எனக்குப் பின்னாடி. காலைல இருந்து நிக்காவ.”

ஆவுடையப்பன் எட்டிப் பார்த்தார். பச்சைப் பெயிண்ட் அடித்த சுவர். அதில் ஒரு ஆணி. ஆணியில் ஒன்றும் மாட்டியிருக்கவில்லை.

“யாருய்யா அது?”

“முகம் தெரியல. நான் திரும்பினா அவியளும் திரும்பிருதாவ.”

பேச்சியம்மாள் குறுக்கே புகுந்தாள்.

“பயந்துட்டாவ டாக்டர். ஆத்துப்பாலத்துக்கிட்ட சுடுகாடு இருக்குல்லா, அங்க வச்சு வண்டிய ஓரங்கட்டிட்டு இறங்கி உக்காந்துட்டாவளாம். பஸ்ல இருந்த ஜனமெல்லாம் கிடந்து ஏசியிருக்கு. கண்டக்டர்தான் ஆட்டோ புடிச்சு வீட்டுக்கு அனுப்பிவிட்டாரு. எங்க தெருவுல ஒருத்தர் மந்திரிப்பாரு. திருநீறு போட்டு, கயிறு கட்டி, விரட்டியாச்சு போன்னுட்டாரு. எங்க போச்சு? இன்னும் பின்னாடியே திரும்பித் திரும்பிப் பாக்காவ.”

காலையிலிருந்து நெஞ்சுக் கனம். இடையில் மந்திரிப்பு வேறு. ஆவுடையப்பனுக்கு எரிச்சல் வந்தது. நர்ஸ் ஜெபராணி அதற்குள் ஜெல்லைத் தடவி, நெஞ்சில் ரப்பர் குமிழ்களை ஒட்டவைத்து, ஈ.சி.ஜி. பெட்டியைத் தட்டிவிட்டாள்.

தாள் வந்தது. ஆவுடையப்பன் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்.

நெஞ்சின் நடுவில் வைத்த குமிழ்களின் கோடுகள் இறங்கிக் கிடந்தன. நன்றாகவே இறங்கியிருந்தன. ஏறின இடம் ஒன்றுகூட இல்லை.

அப்பாடா.

“சிஸ்டர், ஆஸ்பிரினும் மத்த மாத்திரையும் குடுங்க. படுக்கவச்சுப் பாப்போம். மனுஷன் பயத்துல கிடந்து தவிக்காரு, ஒரு தூக்க ஊசியும் எடுத்து வைங்க. தூங்கி எழுந்தா தெளிஞ்சிரும்.”

வெள்ளைப்பாண்டி சட்டென்று அவர் கையைப் பிடித்தார். பிடி ஈரமாக, ஜில்லென்று இருந்தது.

“தூங்க வைக்காதீங்க டாக்டர்.”

“ஏன்?”

“அவிய வேண்டாங்காவ.”

ஆவுடையப்பனுக்குக் கையில் மயிர் சிலிர்த்துக்கொண்டது. படித்த மனுஷனுக்கு இது தேவையா என்று தன்னையே ஏசிக்கொண்டார். கையை மெல்ல விடுவித்துக்கொண்டு, தாளை எடுத்துக்கொண்டு மைமூனிடம் போனார்.

*

“கோடு இறங்கியிருக்கு டாக்டரம்மா. ரத்த ஓட்டம் குறைவுதான். மாத்திரை சொல்லிட்டேன்.”

மைமூன் தாளை வாங்கவில்லை.

“அவர் என்ன சொன்னாரு?”

“நெஞ்சு கனமா இருக்காம். காலைல இருந்து.”

“பிறகு?”

“அவ்வளவுதான்.”

“பிறகு?”

ஆவுடையப்பன் தலையைச் சொறிந்தார்.

“என்னமோ உளறுதாரு. முதுகுக்குப் பின்னாடி ஆளு நிக்காம். சுடுகாட்டுப் பக்கம் பயந்துருக்காரு. அதான் ஒரு தூக்க ஊசி…”

மைமூன் எழுந்துவிட்டார்.

“சிஸ்டர்! தூக்க ஊசி வேண்டாம்! அதைக் கீழ வைங்க!”

அந்த அம்மா சத்தம் போட்டு ஆவுடையப்பன் கேட்டதே கிடையாது. 

“கோடு மேல ஏறலியே டாக்டரம்மா. இறங்கித்தானே கிடக்கு. எதுக்கு இப்படிப் பறக்கீங்க?”

மைமூன் இப்போதுதான் தாளை வாங்கினார். ஜன்னலுக்குப் போனார். தாளின் எழுத்துப் பக்கத்தைக் கண்ணாடிக்குக் கொடுத்து, வெள்ளைப் பக்கம் தங்களைப் பார்க்கும்படி புரட்டினார். பிறகு தலைகீழாகத் திருப்பினார். கண்ணாடியில் அழுத்திப் பிடித்தார்.

சாரல் வெளிச்சம் தாளுக்குள் வந்தது. கோடுகள் பின்பக்கமாகத் தெரிந்தன.

பள்ளம் இருந்த இடத்தில் மேடு.

ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும், தூக்கிக்கொண்டு நிற்கிற மேடு.

ஆவுடையப்பன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். மேடு போகவில்லை.

“இது கண்கட்டு வித்தை,” என்றார். “எதைத் திருப்பிப் புடிச்சாலும் தலைகீழாத்தானே தெரியும்?”

“குமிழை எல்லாம் எங்க வச்சீங்க அண்ணாச்சி?”

“நெஞ்சுல.”

“அவரு ஆளு எங்க நிக்குன்னாரு?”

ஆவுடையப்பன் மறுபடியும் தாளைப் பார்த்தார். முன்னாலிருந்து பார்த்தால் பள்ளம், பின்னாலிருந்து பார்த்தால் மேடு.

*

வெள்ளைப்பாண்டியை வலப்பக்கமாகச் சாய்த்துப் படுக்கவைத்தார்கள். ஆவுடையப்பன் கட்டிலைச் சுற்றிக்கொண்டு பின்னால் போனார். இடது தோள்பட்டை எலும்புக்குக் கீழே வியர்வையைத் துடைத்தார். ஜெல் தடவினார். ரப்பர் குமிழ்களை ஒவ்வொன்றாக அழுத்தி முதுகில் ஒட்டினார். முதுகில் குமிழ் வைப்பது அவருக்கு இதுதான் முதல் தடவை.

“இப்பவும் நிக்காவளாய்யா?”

“நிக்காவ.”

“இப்ப நாந்தான்யா உமக்குப் பின்னாடி நிக்கேன். என்னையச் சொல்லுதீரா?”

“நீங்க இல்ல டாக்டர்.”

கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார்.

“உங்களுக்கும் பின்னாடி.”

ஆவுடையப்பன் திரும்பவில்லை. திரும்பச் சொல்லிக் கழுத்து துடித்தது. பிடரியில் யாரோ மூச்சு விட்டதுபோல் ஜில்லென்று பட்டது. ஜன்னல் திறந்திருக்கும் என்று சொல்லிக்கொண்டார். சற்று முன்னால் தாளை அழுத்திப் பிடித்த ஜன்னல்தான். அது சாத்தித்தான் கிடந்தது.

“ஓடவிடுங்க சிஸ்டர்,” என்றார். 

தாள் வந்தது. முதுகிலிருந்து வந்த கோடு.

ஏறியிருந்தது. ஆனால் எவ்வளவு? தாளில் போட்டிருக்கிற சின்னக் கட்டத்தில் பாதி. அரைக் கட்டம்.

அதை மைமூனிடம் காட்டும்போது ஆவுடையப்பனுக்கு அழுகையே வந்துவிடும்போல் இருந்தது.

“அரைக் கட்டம் டாக்டரம்மா. கை ஆடினாலே இவ்வளவு ஏறும். இதை நம்பி ஊசி போட்டு, அடைப்பு இல்லாம இருந்து, மூளைக்குள்ள ரத்தம் கசிஞ்சிட்டா? நல்லா இருந்த மனுஷனை நானே கொன்ன மாதிரி ஆயிரும்.”

“ஆமா.”

“போடாம விட்டு, அடைப்பு இருந்துட்டா?”

“அப்பவும் அப்படித்தான்.”

“நீங்க சொல்லுங்க. போடவா, வேண்டாமா?”

மைமூன், “மருந்தைக் கலக்கி வைங்க சிஸ்டர்,” என்றார்.  விறுவிறுவென்று நடந்து எதிரிலிருந்த எக்ஸ்ரே அறைக்குள் போனார். உள்ளே ஈயத்தகடு வைத்த கனமான கதவு அது. அதைச் சாத்திக்கொண்டார்.

ஆவுடையப்பனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உயிர் போகிற நேரத்தில் இது என்ன கூத்து? பதில் சொல்லத் தெரியாமல் ஒளிந்துகொண்டாளா இந்தப் பெண்?

நர்ஸ் மருந்துக் குப்பியைக் குலுக்கிக்கொண்டிருந்தாள். கட்டிலில் வெள்ளைப்பாண்டி முனகினார். அதற்கு நடுவில் எங்கிருந்தோ ஒரு சத்தம்.

டொக்.

கொஞ்சம் விட்டு, மறுபடியும்.

டொக்.

கதவு திறந்தது. மைமூன் வந்தார்.

“கேட்டுச்சா அண்ணாச்சி?”

“என்னமோ கேட்டுச்சு. லேசா. யாரோ விரலால தட்டின மாதிரி.”

மைமூன் வலது கையை விரித்துக் காட்டினார்.

உள்ளங்கை முழுக்கச் செக்கச் சிவந்து கிடந்தது. மணிக்கட்டுப் பக்கம் தோல் உரிந்திருந்தது. மூச்சு வாங்கியது அந்த அம்மாவுக்கு.

ஆவுடையப்பன் அந்தக் கையைப் பார்த்தார். கனத்த கதவைப் பார்த்தார். தாளில் இருந்த அரைக் கட்டத்தைப் பார்த்தார். பிறகு வெள்ளைப்பாண்டியின் முதுகைப் பார்த்தார். தோல், சதை, விலா எலும்பு, அதற்கு உள்ளே காற்று நிறைந்த நுரையீரல். இவ்வளவையும் தாண்டி அந்தப் பக்கம் இருக்கிறது இதயத்தின் பின்சுவர்.

அங்கே ஓங்கி ஏறினது, இங்கே வரும்போது அரைக் கட்டம்.

“சிஸ்டர்,” என்றார், “ஊசியைக் கொண்டாங்க.”

*

பேச்சியம்மாளிடம் கேட்க வேண்டியதை எல்லாம் கேட்டார். தலையில் எப்போதாவது அடிபட்டிருக்கிறதா, பக்கவாதம் வந்திருக்கிறதா, வயிற்றில் புண் உண்டா, சமீபத்தில் ஆபரேஷன் ஏதும் நடந்ததா. எல்லாவற்றுக்கும் இல்லை இல்லை என்றாள். இந்த ஊசியில் என்ன ஆபத்து என்பதையும் மறைக்காமல் சொன்னார்.

“பொழைச்சிருவாவளா டாக்டர்?”

“தெரியலம்மா. போட்டா வழி இருக்கு.”

“போடுங்க,” என்றாள். “எங்களுக்கு அவிய ஒருத்தர்தான்.”

போட்டார். கை நடுங்கவில்லை. அது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

பிறகு காத்திருந்தார்கள். மேகம் இன்னும் கீழே இறங்கி ஜன்னலை மூடியது. கட்டிலுக்கு மேலே இருந்த திரையில் துடிப்பு ஓடிக்கொண்டிருந்தது. பெஞ்சில் இருந்த ஜனம் எல்லாம் எழுந்து வாசலில் வந்து நின்றது. யாரும் கூப்பிடவில்லை, தானாக வந்து நின்றது.

திடீரென்று திரையில் துடிப்பு மாறியது. கூர்மையாக வந்துகொண்டிருந்த கோடு அகலமாகி, மெதுவாகி, வேறு யாருடைய இதயமோபோல் அடிக்க ஆரம்பித்தது.

ஆவுடையப்பன் மருந்துத் தட்டை நோக்கிக் கையை நீட்டினார்.

“கொன்னுட்டேனா?”

மைமூன் நோயாளியின் நாடியில் விரலை வைத்துக்கொண்டே, இன்னொரு கையால் ஆவுடையப்பனின் மணிக்கட்டைப் பிடித்தார். சிவந்த கை. சூடாக இருந்தது. எதுவும் செய்யாதே என்கிற பிடி.

அகலமான துடிப்புகள் வந்தன. வந்துகொண்டே இருந்தன. அப்புறம் ஒன்று கூர்மையாக வந்தது. அடுத்ததும் கூர்மை. அதற்கடுத்ததும்.

மைமூன் கையை விட்டார்.

“குழாய் திறந்துக்கிடும்போது இதயம் அப்படித்தான் முழிச்சுக்கிடும்,” என்றார். அன்றைக்கு அவர் வாயால் சொல்லிக் கொடுத்த ஒரே பாடம் அதுதான்.

வெள்ளைப்பாண்டியின் உதட்டில் ரத்த ஓட்டம் தெரிந்தது. நெற்றியில் வியர்வை காய்ந்தது. மைமூன், நெல்லைக்குக் கொண்டுபோக ஆம்புலன்ஸ் சொல்ல வெளியே போனார்.

*

“நெஞ்சு எப்படிய்யா இருக்கு?”

“இறங்கிருச்சு டாக்டர். லேசாயிருச்சு.”

ஆவுடையப்பன் தயங்கினார். கேட்காமலும் இருக்க முடியவில்லை.

“பின்னாடி?”

வெள்ளைப்பாண்டி திரும்பிப் பார்க்கவில்லை.

“போயிட்டாவ.”

பேச்சியம்மாள் கையெடுத்துக் கும்பிட்டாள். “விட்டுச்சே சனியன்! எங்க குலசாமிதான் விரட்டியிருக்கு!”

“ஏட்டி, சும்மா கிட,” என்றார் வெள்ளைப்பாண்டி. குரலில் தெம்பு இல்லை, ஆனாலும் கோபம் இருந்தது. “அவியள அப்படிச் சொல்லாத.”

“பின்ன எப்படிச் சொல்ல?”

“வண்டி நிறைய ஜனம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க படியில தொத்திக்கிட்டு வருது. பாலத்துல ஏறப் போறேன், பின்னாடி இருந்து தோளைப் புடிச்சு ஒரே அழுத்து. ஓரங்கட்டு, ஓரங்கட்டுன்னு. கட்டின பிறகுதான் கண்ணு இருட்டிச்சு. நீ மந்திரிக்கக் கூட்டிட்டுப் போனியே, அங்கயும் விடல. ஆஸ்பத்திரிக்குப் போ, ஆஸ்பத்திரிக்குப் போன்னு தள்ளிக்கிட்டே வந்தாவ.”

பேச்சியம்மாள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள்.

“இதை முதல்லயே சொல்லக்கூடாதாய்யா?” என்றார் ஆவுடையப்பன்.

“நிக்காவன்னு சொன்னேனே டாக்டர். யாருன்னு கேட்டீங்க. எதுக்கு நிக்காவன்னு யாரும் கேக்கலியே.”

ஆவுடையப்பனுக்கு அந்தத் தூக்க ஊசி ஞாபகம் வந்தது. 

“பயமா இருந்துச்சாய்யா?”

“அவிய நின்ன வரைக்கும் இல்ல.” வெள்ளைப்பாண்டியின் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. “இப்பத்தான் பயமா இருக்கு டாக்டர். பின்னாடி யாருமே இல்ல.”

ஆறுதலாக நாலு வார்த்தை சொல்லலாம் என்று ஆவுடையப்பன் வாயைத் திறந்தார். கடைத்தெரு கிளினிக்கில் ஆயிரம் பேருக்குச் சொன்ன வார்த்தைகள். இங்கே அவை செல்லாது.

ஸ்டூலை இழுத்தார். கட்டிலைச் சுற்றிக்கொண்டு போனார். சுவருக்கும் முதுகுக்கும் நடுவில் அதைப் போட்டு உட்கார்ந்தார்.

ஆம்புலன்ஸ் வர இன்னும் நேரம் இருந்தது. வெள்ளைப்பாண்டியின் தோள் நடுங்கிக்கொண்டிருந்தது. ஆவுடையப்பன் அதில் கையை வைத்து, மெல்ல அழுத்தினார்.

நடுக்கம் நின்றது.

வெள்ளைப்பாண்டி திரும்பவில்லை. கண்ணை மூடிக்கொண்டார்.

“பாலத்துலயும் இந்தக் கைதான் டாக்டர்,” என்றார்.